வெள்ளைத் தாளாகிப்போன ரசீதும் 870 வெள்ளியும்

வருமான வரி அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மணி ரசீதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டு, "கோசோங், என்சிக்" என்றார். மலாயில் 'காலி, ஐயா'. வெறும் தாள். அம்மாவின் கண் அறுவைக்குப் பிறகு கிளினிக்குக்குப் போய் வந்த நாலு ரசீதும் அதே கதிதான். ஓரத்தில் மட்டும் ஊதா நிறத்தில் நிழல் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

2024-க்கான பிஇ பாரத்தை, அதாவது சம்பளக்காரர்களின் வருமான வரிப் பாரத்தை, ஏப்ரல் கடைசியில் மைடெக்ஸ் இணையதளத்தில் அனுப்பினேன். கம்பெனி கொடுத்த வருடச் சம்பளக் கணக்கான இஏ பாரம் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த வரியான பிசிபி கூடுதல், 935 வெள்ளி (ரிங்கிட்) திரும்ப வரும் என்று திரை காட்டியது. இ-ஃபைலிங்கில் போட்டவர்களுக்கு 30 வேலை நாளில் பணம் என்று சொல்லியிருந்ததால், பினாங்குக்கு ஒரு நடை போய் வரலாம் என்று மனசுக்குள் பையைக்கூட கட்டிவிட்டேன். வந்தது கடிதம். கோரிய வரிக் கழிவுகளுக்கெல்லாம் ஆவணம் காட்ட வேண்டுமாம்.

பாரம் நிரப்பும்போது ஒரு தாளையும் கேட்பதில்லை. எண்ணைத் தட்டினால் ஏற்றுக்கொள்கிறது. அங்கேதான் நாம் அசந்துவிடுகிறோம். ரசீதுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் கிளினிக்கில் கிழித்துக் கொடுக்கும் அந்த வழுவழுப்பான தாள் 7 மாதம்கூடத் தாங்காது. நானோ அதைக் கார் டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். கோலாலம்பூர் செந்தூலில் திறந்தவெளியில் நிற்கும் கார் மத்தியானத்தில் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவா வேண்டும்!

பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. நான் கோரியது 6,200. என் வருமானத்தின் மேல்பகுதி 50,001 முதல் 70,000 வரையிலான 11 விழுக்காட்டுப் படியில் விழுவதால், அதில் மட்டும் 682 வெள்ளி வரி மிச்சம். விட மனசு வருமா?

முதல் தடவை ஆஸ்பத்திரி பில், என் ஐசி (அடையாள அட்டை), ரசீதுகள் எல்லாம் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு கேட்ட முதல் கேள்வி, "இவர் உங்கள் அம்மாதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" சூராட் பெரானாக் கொண்டு வரச் சொன்னார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டதற்கு, "அதை முதலில் கொண்டு வாருங்கள்" என்பதுதான் பதில். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் எனக்கு அரை நாள் லீவு மிச்சம்.

இரண்டாம் தடவை பிறப்புப் பத்திரத்தோடு போனேன். அதில் அம்மாவின் பெயர் ஆங்கிலத்தில் 'ஒய்' எழுத்தில் முடிகிறது, ஐசியில் 'ஐ' எழுத்தில். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிராணி (குமாஸ்தா) காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. நம்மவர் வீடுகளில் பாதிப் பேருக்கு இந்தத் தலைவலி இருக்கும். பில் வேறு அம்மா பெயரில். கட்டியது நான்தான் என்பதற்கும் ஆதாரம் கேட்டார்கள். வெள்ளை ரசீதுக் கூத்து நடந்ததும் அன்றைக்குத்தான்.

எரிச்சலோடு வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். "கட்டுற வரிக்கு வீட்டு முன்னால இருக்கிற லோங்காங் சாக்கடையைக்கூட ஒழுங்கா அள்ள மாட்டேங்குறாங்க" என்று புலம்பினேன்.

"தம்பி, லோங்காங்கும் தெருவிளக்கும் நீங்க மாநகர் மன்றத்துக்குக் கட்டுற சுக்காய் பிந்து, வீட்டு வரி. இங்க கட்டுறது கூட்டரசு அரசாங்கத்துக்குப் போறது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இருக்கு. மருந்து அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தான்லதான்."

"எவ்வளவு கட்டுறீங்க?"

"ஒரு வெள்ளி."

கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு நாளிதழை விரித்துக்கொண்டார். எனக்குக் கோபம் குறையவில்லை, ஆனால் வாய் அடைத்துப்போனது. பெயர்க் குழப்பத்துக்கு வழி சொன்னவரும் அவரே: இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையரான பெசுருஜாயா சும்பாவிடம் முத்திரை வாங்கச் சொன்னார். மறுநாள் பத்தே நிமிடத்தில் முடிந்தது.

ரசீதுக்குத்தான் அலைந்தேன். ஒரு கிளினிக் கணினியில் தேடி மூன்றையும் மறுபடி அச்சடித்து, டாக்டர் கையெழுத்தோடு கொடுத்தது. கைகூப்பாத குறை. நாலாவது ரசீது கொடுத்த இடம் கடையை மூடிவிட்டுப் போயிருந்தது. 90 வெள்ளி ரசீது, வரிக் கணக்கில் 9 வெள்ளி 90 காசு. போகட்டும். ஆஸ்பத்திரி பில்லைக் கார்டில் கட்டியதற்கு வங்கி அறிக்கையை இறக்கி, அந்த இடத்தை மஞ்சள் பேனாவால் அடையாளமிட்டுக்கொண்டேன்.

மூன்றாம் தடவை வேறு அதிகாரி. சத்தியப் பிரமாணம், வங்கி அறிக்கை, புது ரசீதுகள், போனுக்குக் கோரிய 1,800 வெள்ளி எல்லாவற்றுக்கும் டிக். கோயில் திருப்பணிக்குக் கொடுத்த 500 வெள்ளி ரசீதில் மட்டும் பேனா நின்றது. முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்றதற்கான குறிப்பு இல்லை. அங்கீகாரம் இல்லாத இடத்துக்குக் கொடுத்தது புண்ணியத்தில் சேரும், கழிவில் சேராது. 55 வெள்ளி போச்சு. தைப்பூசத்துக்கோ கும்பாபிஷேகத்துக்கோ கொடுக்கும்போது ரசீதில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொடுங்கள், பாரத்தில் எழுதாதீர்கள். தவறாகக் கோரினால் அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. என்னை விட்டுவிட்டார்கள்.

இப்போது ரசீது கைக்கு வந்ததும் கவுண்டரிலேயே வைத்துப் படம் எடுத்துவிடுகிறேன். அண்ணன் தம்பி அக்கா தங்கை இருப்பவர்கள், அம்மா அப்பா செலவை யார் கோருவது என்று ஏப்ரலுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒரே ரசீதை இரண்டு பேர் காட்டினால் வம்பு.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வங்கியிலிருந்து செய்தி: 870 வெள்ளி 10 காசு. வாசலில் தபால் பெட்டியைத் திறந்தால், ஆகஸ்டு 31-க்குள் கட்ட வேண்டிய சுக்காய் பிந்து பில் கிடந்தது.