சதுரத்தில் 289 முடிச்சு, கரையில் 33

மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா 1946 முதல் 1958 வரை வெடித்த அணுகுண்டுகள் 67. ஆஸ்திரேலிய மண்ணில் பிரிட்டன் 1952 முதல் 1957 வரை வெடித்தவை 12. அல்ஜீரியப் பாலைவனத்தில் பிரான்ஸ் 1960 முதல் 1966 வரை 17. பிறகு அதே பிரான்ஸ் பாலினேசியாவின் மொருரோவா, ஃபங்கட்டாவுஃபா பவளத்தீவுகளில் 1996 வரை 193. எல்லாம் சேர்ந்து 289. கோலம் போடுகிறவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்: 17 புள்ளி, 17 வரிசை, நேர்ப்புள்ளி.

துணியை முடிந்து சாயமேற்றும் மதுரைச் சுங்குடியில் ஒரு வெடிப்புக்கு ஒரு முடிச்சு என்று கட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் முன்பே இருந்தது. இந்தக் கூட்டுத்தொகைதான் அதற்கு வடிவம் கொடுத்தது. அணுகுண்டுச் சோதனை என்றதும் நம் கண்ணில் நிற்கும் காளான் மேகப் படங்கள் பெரும்பாலும் குண்டு வைத்தவர்களே எடுத்தவை. தூரத்திலிருந்து, பாதுகாப்பாக, பிரமிப்போடு எடுத்தவை. அந்த மேகத்தை வரைய எனக்கு விருப்பமில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிக் கலைஞர் யோனி ஸ்கேர்ஸ் 2015-இல் செய்த படைப்பில், ஊதிச் செய்த கண்ணாடிக் கிழங்குகள் இரண்டாயிரத்துக்கும் மேல் தொங்குகின்றன. பிரிட்டன் குண்டு வெடித்த மரலிங்கா பகுதியில் அந்தச் சூட்டில் மணல் உருகிக் கண்ணாடியாயிற்று. அங்கே வாழ்ந்தவர்கள் கிழங்கு தோண்டித் தின்றவர்கள். அந்த நிலத்து மக்களின் உணவையும் அதே நிலத்துக்கு நேர்ந்ததையும் ஒரே பொருளில் பார்த்தபோது, நம் ஊர்க் கைவேலையிலும் இதைச் சொல்ல வழி இருக்கும் என்று தோன்றியது.

விளக்குத்தூண் பக்கம் 45 அங்குல அகலத்தில் மெல்லிய பருத்தித் துணி வாங்கினேன். கஞ்சி போக வெந்நீரில் அலசி, காயவைத்து, இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளி குறித்துக்கொண்டேன். முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவர் மகால் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு சௌராஷ்டிரப் பாட்டி. துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, வெடுக்கென்று இழுத்து நிறுத்துவார். அவர் வேகம் எனக்கு வராது, ஆனால் இறுக்கம் வந்துவிட்டது.

"துணியை மடித்துக் கட்டினால் வேலை பாதி" என்றார் பாட்டி. சுங்குடியில் அப்படித்தான் செய்வார்கள். ஒரு முடிச்சில் பல புள்ளிகள் விழும். நான் மடிக்கவில்லை. ஒரு வெடிப்புக்கு ஒரு தடவையாவது கை வலிக்க வேண்டும். காரணத்தைச் சொன்னதும் பாட்டி கேட்டார்: "அந்தத் தீவில் ஆள் இருந்தார்களா?"

இருந்தார்கள். 1946 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி, மார்ஷல் தீவுகளில் ஒன்றான பிகினியின் மக்களிடம், மனிதகுலத்தின் நன்மைக்காகத் தீவைக் கொஞ்ச காலம் விட்டுக்கொடுக்கும்படி கேட்டார். 167 பேர் வெளியேறினார்கள். பிகினியில் மட்டும் 23 குண்டுகள் வெடித்தன. 1970-களின் தொடக்கத்தில் சிலரைத் திரும்பக் குடியேற்றினார்கள். உடம்பில் கதிர்வீச்சு ஏறியது தெரிந்து 1978-இல் மறுபடியும் வெளியேற்றினார்கள். பாட்டி கேட்டுக்கொண்டே பத்துப் பதினைந்து முடிச்சுகளைப் போட்டுவிட்டார். மார்ஷல் தீவுகளின் மூன்றாவது வரிசையில் நேராகவும் சீராகவும் இருப்பவை எல்லாம் அவர் போட்டவை.

முதல் வரிசையின் 12-வது புள்ளிதான் மிகவும் சோதித்தது. 1954 மார்ச் 1 அன்று வெடித்த காசில் பிராவோ. 15 மெகாடன், அதாவது ஹிரோஷிமாவைப்போல ஆயிரம் மடங்கு. ஹிரோஷிமா குண்டை இரண்டு மில்லிமீட்டர் புள்ளி என்று வைத்தால், பரப்பளவுக் கணக்கில் பிராவோவுக்கு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் விட்டம் வேண்டும். என் புள்ளிகளுக்கிடையே இருப்பதோ ஐந்து சென்டிமீட்டர்தான். எல்லா வெடிப்புகளுக்கும் இப்படி அளவு பார்த்தால் பெரிய புள்ளிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதால், இது ஒன்றை மட்டும் அளவுப்படி கட்டினேன். வட்டத்தைக் குவித்து, ஈர வாழைநாரால் நெருக்கமாகச் சுற்றி, கிழக்குப் பக்கம் மட்டும் நாரைத் தளர்த்தி நீளவிட்டேன். பிகினிக்குக் கிழக்கே ரோங்கலாப் தீவு இருக்கிறது. அன்று அங்கே வெண்பொடியாகச் சாம்பல் விழுந்தது; பொடிந்துபோன பவளப்பாறை அது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். சில நாள் கழித்துத்தான் மக்களை அப்புறப்படுத்தினார்கள். 1957-இல் ஊர் திரும்பியவர்கள், 1985-இல் தாங்களே முடிவெடுத்து, சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸின் ரெயின்போ வாரியர் கப்பலில் தீவை விட்டுக் கிளம்பினார்கள். அதே கப்பல் மொருரோவா எதிர்ப்புக்குத் தயாராகி ஆக்லாந்து துறைமுகத்தில் நின்றபோது, அந்த ஆண்டு ஜூலை 10 அன்று பிரெஞ்சு உளவுத்துறை அதைக் குண்டு வைத்து மூழ்கடித்தது. அதில் புகைப்படக்காரர் ஃபெர்னாண்டோ பெரைரா இறந்தார்.

நாடு நாடாக, சோதனை தொடங்கிய ஆண்டின் வரிசையில் கட்டிக்கொண்டு போனதில் நான் திட்டமிடாத ஒன்று அமைந்தது. ஐந்தாவது வரிசையில் ஆஸ்திரேலியாவின் கடைசி 11 முடிச்சுகள் முடிந்ததும் அல்ஜீரியா தொடங்குகிறது. அந்த வரிசையில் அதற்கு ஆறு இடம் கிடைக்கிறது. மீதி 11 அடுத்த வரிசைக்கு இறங்குகின்றன. அல்ஜீரியா விடுதலை பெற்றது 1962 ஜூலையில். அதற்கு முன் பிரான்ஸ் அங்கே வெடித்தவை ஆறு, விடுதலைக்குப் பிறகு வெடித்தவை 11! விடுதலைக்கு வழிவிட்ட எவியன் ஒப்பந்தத்திலேயே பிரெஞ்சுக்காரர்கள் சோதனைத் தளங்களைத் தங்களிடமே ஐந்தாண்டு வைத்துக்கொள்ள இடம் வாங்கியிருந்தார்கள். கொடி இறங்கிய பிறகும் குண்டு வெடித்துக்கொண்டிருந்ததை என் துணியின் ஒரு வரிசை முறிவு அப்படியே காட்டுகிறது. இந்த இடத்தில் ஒரு கோடு இழுக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், வரிசை மாறுவதே போதும்.

அங்கே முதல் நான்கு குண்டுகளுக்கு ஜெர்போவா என்னும் பாலைவன எலியின் பெயரை வைத்து நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை என்று பிரித்திருந்தார்கள். முதல் மூன்றும் பிரெஞ்சுக் கொடியின் நிறங்கள். மலைக்குள் வெடித்தவற்றுக்கு ரத்தினங்களின் பெயர்கள். பார்த்த நண்பர் ஒருவர் அந்த நான்கு முடிச்சுகளுக்கும் அந்தந்த நிறம் தொடச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அவர்கள் சூட்டிய அலங்காரத்தை நானும் தொடரக்கூடாது. 1962 மே 1 அன்று இன் எக்கர் மலைக்குள் வெடித்த பெரில் மட்டும் வித்தியாசமாக இருக்கும். மலை பிளந்து கதிர்வீச்சுப் புகை வெளியே வந்தது. பார்க்க வந்திருந்த பிரெஞ்சு அமைச்சர்களே ஓட வேண்டியதாயிற்று. அந்த ஒரு முடிச்சைப் பாதி இறுக்கத்தில் விட்டிருக்கிறேன், சாயம் உள்ளே கசியட்டும் என்று.

சாயம் கருநீலம். மாதிரித் துண்டு ஒன்றை உப்பும் சோடாவும் சேர்த்த ரியாக்டிவ் சாயத்தில் முக்கி எடுத்தேன். நூலை அவிழ்த்ததும் வெள்ளைப் புள்ளியின் நடுவில் சின்னக் கருநீலப் பொட்டு. கட்டு நன்றாக இருந்தால் அது வரும் என்று பாட்டி சொல்லியிருந்தார். வாழைநார் சுற்றிய வட்டத்தின் ஓரம் மங்கலாக இழுபட்டு வந்தது. இதைவிட நன்றாக வராது.

இனி கரை. சதுரம் இவ்வளவு அழகாக அமைந்ததில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு: இன்றைய கிரிபாட்டி நாட்டின் கிரிட்டிமாட்டி, மால்டன் தீவுகளில் பிரிட்டன் வெடித்த ஒன்பதையும் அமெரிக்கா வெடித்த 24-ஐயும் சேர்த்தால் அது உடைந்துவிடும். உடையட்டும் என்று அந்த 33-ஐயும் கரையில் ஒழுங்கில்லாமல் கட்டப்போகிறேன். 1979-இல் விடுதலை பெற்ற அந்தச் சிறிய நாடுதான் இன்று கஜகஸ்தானோடு சேர்ந்து, சோதனையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி வேண்டும் என்று ஐ.நா.வில் முன்னால் நிற்கிறது.

பொக்ரானை விட்டுவிட மனம் வரவில்லை. 1974-இல் ஒன்று, 1998-இல் ஐந்து. காலனி ஆண்ட நாடு எதுவும் வந்து வெடித்தவை அல்ல, நாமே வெடித்தவை. ஆனால் அங்கும் பக்கத்தில் கேத்தோலாய் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஆறும் துணியின் மறு ஓரத்தில், மற்றவற்றின் அளவிலேயே இருக்கும். 2012-இல் கூடங்குளம் அணுஉலைக்கு எதிராகக் கடலில் இறங்கி நின்ற இடிந்தகரை மக்களையும் சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். அவர்கள் போராட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் உலை வேறு, வெடிப்பு வேறு. அவர்களை இந்தக் கணக்கில் ஒரு முடிச்சாகச் சுருக்க மாட்டேன். அவர்களுக்குத் தனித் துணி.

கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்கில் சோவியத் ஒன்றியம் வெடித்த 456-க்கும் இதில் இடமில்லை. அங்கே 1989-இல் எழுந்த மக்கள் இயக்கம் அந்தத் தளத்தை 1991 ஆகஸ்ட் 29 அன்று மூடவைத்தது. 456-ஐ 24 புள்ளி, 19 வரிசை என்று பிரிக்கலாம். சேலையின் உடலுக்கு அது போதாது, முந்திக்குச் சரியாக வரும். கரைவேலை முடிந்து சாயம் ஏறியதும் அதற்குத் துணி எடுக்க வேண்டும்.