20 மார்க்குக்குப் போன மெட்டு

காலையில் காபியோடு யூடியூபைத் திறந்தால், ஜெர்மன் ராணுவ பேண்டு ஒன்று 'ஆல்ட்டே கமெராடன்' ('பழைய தோழர்கள்') என்ற மார்ச்சை, அதாவது படை அணிவகுப்புக்கான இசையை, வாசித்துக்கொண்டிருக்கிறது. கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

எழுதியவர் கார்ல் டைக்கே. கொல்லர் வீட்டுப் பிள்ளை, உல்ம் நகரப் படைப்பிரிவின் பேண்டில் ஹார்ன் வாசித்தவர். 1889-இல் இந்த மார்ச்சை எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினால், இருக்கிற மார்ச்சே போதும், இதை அடுப்பில் போடு என்றார்களாம்.

மனிதர் படையையே விட்டு விலகிவிட்டார். இந்த மெட்டுக்குப் பதிப்பாளர் கொடுத்தது 20 மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்). அவ்வளவுதான்!

அப்புறம் போலீஸ் வேலை, தபால் துறை வேலை. மேலதிகாரிக்குப் பிடிக்காத மெட்டுதான் உலகம் சுற்றுகிறது, பாருங்கள்.

1922-இல் இறக்கும்வரை எழுதியது நூறு மார்ச்சுக்கும் மேல். 'கிராஃப் செப்பலின்' மார்ச்சும் இவருடையதுதானாம். இன்றிரவு அதைக் கேட்க வேண்டும்.