பத்து ரூபாய்க்கான இடம்

தாத்தாவின் ஏழு அஞ்சல் தலை ஆல்பங்களைச் சென்னையில் ஓர் ஏல நிறுவனத்துக்குக் கொண்டுபோனேன். அறுபது வருடம் அவர் ஒட்டிச் சேர்த்ததை, பட்டியல் தயாரிக்கும் பெரியவர் முக்கால் மணி நேரத்தில் பதினொரு லாட்டுகளாக, அதாவது ஒன்றாக ஏலம் விடும் தொகுதிகளாக, பிரித்துவிட்டார்.

ஒவ்வொரு லாட்டுக்கும் படம் எடுக்க வேண்டும், விவரம் எழுத வேண்டும், ஏலத்தன்று கூவவும் வேண்டும். அந்த உழைப்புக்குக் கட்டுபடியாகாதவை கும்பலாகப் ‘பெட்டி லாட்’டில்தான் போகும். திருவிதாங்கூர் சமஸ்தான அஞ்சலின் சங்குப் படத் தலைகளும் கொச்சி சமஸ்தானத்தின் குடைப் படத் தலைகளும் வெவ்வேறு ஆல்பங்களில் கிடந்தன. இரண்டையும் தேடுகிற ஆள் ஒருவர்தான் என்று சேர்த்து ஒரே லாட் ஆக்கினார். உறையோடு இருந்த சில கடிதங்கள் மட்டும் தனியே போயின. மற்ற உறைகளிலிருந்து தாத்தா தண்ணீரில் ஊறவைத்துத் தலைகளை உரித்திருந்தார். உறையோடு விட்டிருந்தால் மதிப்பு கூடியிருக்குமே என்று பெரியவர் உச்சுக்கொட்டினார்.

காந்தி பக்கத்தில்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி தலைகள் நான்கு: 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய். தாத்தாவிடம் முதல் மூன்றுதான். நான்காவது இடத்தில் பென்சிலால் ‘10 ரூ.’ என்று எழுதியிருந்தார். அவர் அஞ்சலக எழுத்தர்; அவ்வளவு பணத்தை ஒரு தலைக்குக் கொடுக்க வீட்டில் யார் விட்டிருப்பார்கள்?

“பத்து ரூபாய் இல்லாமல் இது செட் இல்லை, சார்.” பக்கம் பெட்டி லாட்டுக்குப் போனது.

அதே 10 ரூபாய்த் தலையில் அரசுப் பயன்பாட்டுக்காக ‘சர்வீஸ்’ என்று மேலே அச்சிட்டவற்றில் நான்கு, பிரிக்கப்படாத வரிசையாக, 2017இல் 5 லட்சம் பவுண்டுக்கு விலைபோயின. சேர்ந்திருப்பதற்கே ஒரு விலை.

பெட்டி லாட் என்பது மிச்சம் மீதி. உள்ளது உள்ளபடி விற்பார்கள். திருப்பித் தர முடியாது. அதன்மேல் பெரியவர் நல்ல சங்குத் தலை ஒன்றை வைத்தார். “யாராவது கிண்டிப் பார்க்க வேண்டாமா?” காய்கறிக்காரர் கூடையின் மேலே நல்ல தக்காளியை அடுக்குவதுபோல. கிண்டினார்கள். ஏலத்தில் மூன்று பேர் மோதி, தொடக்க விலையை ஐந்து மடங்காக்கினார்கள்.

காந்தி பக்கம் அதில் இல்லை. அன்றே கேட்டு உருவிக்கொண்டேன். “எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியின் எடை குறையாது” என்றார்.