நீலி முயலை உயிரோட கையில குடுத்துட்டா – பெட்லிங்டன் விப்பெட் லர்ச்சர் அனுபவம்

நீலி என் லர்ச்சர், அதாவது ஓட்ட நாயையும் வேலை நாயையும் கலந்து வளக்குற வேட்டை நாய். கடைசியா அவ முயலை உயிரோட கையில கொண்டுவந்து குடுத்துட்டா. நல்ல காத்து, நிலா சுத்தமா இல்ல, வயல் ஓரத்துல லைட் அடிச்சு முயல காட்டி அவள விட்டேன், வேலிகிட்ட மடக்கி பிடிச்சா, பிடிச்ச கையோட திரும்பி கம்பிவேலிய தாண்டி நேரா எங்கிட்ட வந்து மடியில மூஞ்சிய வச்சு நின்னா, நான் வாங்குற வரைக்கும் வாய தொறக்கல, முயல் மேல ஒரு பல்லு பதியல. அன்னிக்கு அதுக்கப்புறம் பிடிச்சது எல்லாமே அப்படித்தான். லர்ச்சர் வச்சிருக்கவங்களுக்கு இதோட அருமை தெரியும். பிடிக்கிற நாய் ஊருக்கு நூறு இருக்கு, கைக்கு கொண்டுவர்ற நாயத்தான் தேடணும்.

நான் இருக்கறது இங்கிலாந்துல நார்ஃபோக்கும் சஃபோக்கும் சேர்ற ப்ரெக்லாண்ட் பக்கம். முழுக்க மணல் மண்ணு, முயல் வளை தோண்ட இத விட நல்ல எடம் கிடைக்காது, அதனாலதான் பல நூறு வருஷத்துக்கு முன்னாடியே இங்க பெரிய பெரிய முயல் பண்ணை வச்சு இறைச்சிக்கும் தோலுக்கும் வளத்திருக்காங்க. தெட்ஃபோர்ட் காட்டுக்குள்ள வாரன் லாட்ஜ்னு அந்த பண்ணைய காவல் காத்தவங்க இருந்த கல் கட்டடம் இன்னும் நிக்குது. நம்ம கரிசக்காட்டு முயல் வேற ஜாதி, அது வளை தோண்டாது, புதர் ஓரத்துல பதுங்கி கெடக்கும், கிளம்பிடுச்சுன்னா வெட்டவெளியில ஓட்டமா ஓடும், அத தொரத்தத்தான் சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நீளக்கால் நாயெல்லாம் சரியா இருந்துச்சு. இங்க உள்ள ராபிட் வளைக்கு பக்கத்துலயே மேயும், நாய விட்டா சில செகண்ட்ல உள்ள பூந்துரும். அதனால டாப் ஸ்பீட் எவ்வளவுங்கறத விட மொத பத்து தாவல்ல எடுக்குற வேகமும் சட்டுனு திரும்புற ஒடம்பும்தான் கணக்கு.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒன்னு சொல்லிடுறேன், 1972 வனவிலங்கு சட்டப்படி அங்க முயல் வேட்டை குத்தம், யாரும் இத பாத்து அங்க இறங்க வேண்டாம். இங்கயும் ஒன்னும் தாராளம் கிடையாது. 2004 ஹண்டிங் ஆக்ட், 2005 பிப்ரவரி 18ல அமலுக்கு வந்தது, நாய வச்சு ஹேர், அதாவது நம்ம ஊர் முயல் மாதிரி வளை தோண்டாத பெரிய முயல், பிடிக்கிறத சுத்தமா நிறுத்திருச்சு, ராபிட்டுக்கும் எலிக்கும் நிலத்துக்காரர் அனுமதி இருந்தா விலக்கு உண்டு. 1954 பெஸ்ட்ஸ் ஆக்ட் படி ராபிட்ட கட்டுப்படுத்துறது நிலத்துக்காரர் பொறுப்புங்கறதால ஃபார்மருங்களும் கூப்பிடுவாங்க. ஆனா ராத்திரி லைட்டும் லர்ச்சருமா ஒரு ஆள பாத்தா ஹேர் கோர்சிங் கும்பல், அதாவது திருட்டுத்தனமா நாய விட்டு ஹேர தொரத்துறவங்கன்னுதான் மொதல்ல நினைப்பாங்க, அந்த கும்பலால இந்த பக்கத்து ஃபார்மருங்க பட்ட பாடு அப்படி, வெளைஞ்ச வயல்ல வண்டிய விட்டு ஏத்திட்டு போவானுங்க. 2022ல சட்டத்த இன்னும் இறுக்கி, மாட்டினவன் நாயே வளக்கக்கூடாதுன்னு தடை போடுற அளவுக்கு கோர்ட்டுக்கு அதிகாரம் குடுத்துட்டாங்க. எனக்கு இதுல முழு சம்மதம். நான் எழுத்துல வாங்கின அனுமதி எப்பவும் சட்டைப்பையில இருக்கும், கிளம்பும்போதே ஃபார்மருக்கு போன் பண்ணி எந்த வயல்னு சொல்லிடுவேன்.

சரி, ஏன் பெட்லிங்டன்ங்கற டெரியரையும் விப்பெட்ங்கற சின்ன ஓட்ட நாயையும் சேத்த கலப்பு. நிறைய பேர் ஆடு மேய்க்கிற கோலியும் க்ரேஹவுண்டும் சேந்த கலப்பத்தான் எடுக்க சொன்னாங்க, அதோட புத்திய பத்தி சொல்லவே வேண்டாம், எடுத்துட்டு வர்ற குணம் பாதி பொறக்கும்போதே இருக்கும். ஆனா நான் போற பண்ணையெல்லாம் குதிரை மேயுற சின்ன சின்ன பேடாக், சுத்தி முள்ளுப்புதர், கம்பி. அதுல 26 இன்ச் உயர நாய் வேகம் எடுத்து முடிக்கறதுக்குள்ள வயலே முடிஞ்சிரும், அந்த வெயிட்டோட கம்பியில போய் அடிச்சா தையல்தான். சலுக்கின்னு ஒரு நீளக்கால் ஓட்ட நாய், அதோட ரத்தம் பெரிய வெளிக்குத்தான் லாயக்கு, கூப்பிட்டா வர்றது அதோட இஷ்டம். தனி விப்பெட்டுக்கு தோல் பேப்பர் மாதிரி, ஒரு முள்ளு கிழிச்சா நீளமா கிழியும். பெட்லிங்டன் சேந்தா சொரசொரப்பான முடி, மோப்பம், குளிர தாங்குற ஒடம்பு, புதருக்குள்ள பயப்படாம பூர்ற துணிச்சல் எல்லாம் வருது. நீலி 21 இன்ச், எங்க வயலுக்கு அளவெடுத்து தச்ச நாய்.

குட்டி எடுக்கும்போது குட்டிய விட அப்பா அம்மாவத்தான் நான் ரொம்ப நேரம் பாத்தேன். ரெண்டும் வேலை செய்யுதான்னு வயல்ல கூட போய் பாத்தேன், தாய் விப்பெட் ஓடும்போது சத்தம் போடல, பிடிச்சத கடிச்சு நசுக்கல, அதுக்கப்புறம்தான் அட்வான்ஸ். ஓடிக்கிட்டே குரைக்கிற பழக்கமும் அழுத்தி கடிக்கிற வாயும் ரத்தத்துலயே வரும்ங்கறது என் கருத்து, ட்ரெயினிங்ல மாத்துறது ரொம்ப கஷ்டம். அப்பா பெட்லிங்டனோட காப்பர் டாக்ஸிகோசிஸ் டி.என்.ஏ டெஸ்ட் ரிசல்ட்டயும் கேட்டு வாங்குங்க, கல்லீரல்ல செம்பு சேர்ற பரம்பரை நோய் அது. ரெண்டு பக்கமும் இருந்து அந்த ஜீன் வந்தாதான் குட்டிக்கு நோய், அதனால மொத க்ராஸ்ல பயம் இல்ல, நாளைக்கு திரும்ப பெட்லிங்டன் கூட சேக்க நினைச்சா அப்ப அந்த பேப்பர் வேணும். மைக்ரோசிப், தாயோட சேத்து குட்டிய காட்டுறது எல்லாம் இங்க சட்டமே, அத செய்யாதவன்கிட்ட நிக்கவே கூடாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். விப்பெட் பாதி வேகத்த குடுத்துச்சுன்னா டெரியர் பாதி “நான் பிடிச்சது எனக்கு”ங்கற எண்ணத்த குடுத்துருச்சு. முயல வாயில வச்சுக்கிட்டு கல்யாண வீட்ல சீர்வரிசை தூக்கிட்டு வர்ற மாதிரி தலைய நிமித்திக்கிட்டு என்னைய சுத்தி சுத்தி வருவா, பத்தடி தள்ளி நிப்பா, கிட்ட வரமாட்டா, கடைசியில கீழ வச்சு கால அழுத்தி நிப்பா. உயிரோட வந்தாதான் நான் உடனே கழுத்த திருகி வலி இல்லாம முடிக்க முடியும், கறியும் ரத்தம் கட்டாம இருக்கும். அதனால இதுல எனக்கு சமரசமே கிடையாது.

குட்டியில இருந்தே வீட்டு நடையில வச்சுத்தான் ஆரம்பம். எல்லா கதவையும் சாத்திட்டு ஒரு சாக்ஸ உருட்டி போட்டா எடுத்துட்டு எங்கிட்டதான் வந்தாகணும், வேற வழி இல்ல. நான் தரையில ஒருக்களிச்சு உக்காந்திருப்பேன், கண்ண பாக்கமாட்டேன், வந்ததும் சாக்ஸ தொடவே மாட்டேன், நெஞ்சையும் தாடைக்கு கீழயும் சொறிஞ்சு விடுவேன், தாடைய சொறிஞ்சா தலை நிமிந்து வாய் மூடியே இருக்கும். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தாடைக்கு அடியில கைய ஏந்தி “குடு”. நாலு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் பல்லு விழுந்து மொளைக்கிற நேரம், அப்ப இத சுத்தமா நிறுத்திடணும், வலியோட சேத்து ஞாபகம் வச்சுக்கும். தின்பண்டம் குடுத்து வாங்குறது எனக்கு பிடிக்காது, பிஸ்கெட்ட நினைச்சு முன்னாடியே துப்பிடும், சாக்ஸ்னா பரவால்ல, உயிரோட இருக்குற முயல துப்பினா அது போயே போச்சு. அப்புறம் கேன்வாஸ் டம்மி, அதாவது எடுத்துட்டு வர பழக்குற துணி உருளை, டம்மிக்கு மேல காய வச்ச முயல் தோல், அப்புறம் ஆறிப்போன முயல், எல்லாம் அழகா செஞ்சா. சூடா, ஒதைக்கிற முயல்னு வந்ததும் பழைய சீர்வரிசைதான்.

நீளக் கயிறு கட்டி பாத்தாச்சு, வேலியில சிக்குது. பின்னாடி ஓடினா தொரத்திட்டு வரும்னு சொல்வாங்க, பகல்ல வேலை செய்யுது, ராத்திரி மேடு பள்ளத்துல யார் பின்னாடி ஓடுறது. கடைசியில நான் கவனிச்சது அவ மூச்சத்தான். நீளமா தொரத்தி பிடிச்சா மட்டும்தான் கீழ வைக்கிறா, குட்டையான ஓட்டத்துல பிடிச்சா பாதி தூரமாவது கொண்டு வர்றா. மூச்சு வாங்குற நாய்க்கு வாய தொறந்து எளைச்சே ஆகணும், வாய் நெறைய முயல் இருந்தா எப்படி எளைக்கும், கீழ வச்சுத்தான் ஆகணும். கீழ வச்சதும் டெரியர் புத்தி முழிச்சுக்குது, காவல் காக்க ஆரம்பிச்சுடுது. அன்னில இருந்து கிட்டத்துல படுத்திருக்கிற முயலுக்கு மட்டும்தான் விடுறேன், ஒரு ஓட்டம் முடிஞ்சா கயித்துல கட்டி மூச்சு முழுசா அடங்கின அப்புறம்தான் அடுத்தது. பகல்ல சைக்கிள் கூட மெதுவா ஓட வச்சு தம் ஏத்தினேன்.

இன்னொரு பாதி லைட்ல இருக்கு. பிடிச்ச உடனே லைட்ட அவ மூஞ்சில அடிக்காம கீழ இறக்கி, புல்லு மேல ஒரு வெளிச்சப் பாதை மாதிரி இழுத்துட்டு வந்து என் கால்ல நிறுத்தணும், இருட்டுல நாய் வெளிச்சத்துக்குத்தான் வரும். நான் மண்டி போட்டு பக்கவாட்டா திரும்பிக்குவேன், நடையில உக்காந்த அதே மாதிரி. அந்த நேரத்துல வயல சுத்தி லைட் அடிச்சு அடுத்தது எங்கன்னு தேடவே கூடாது, இன்னொரு ஜோடி கண்ணு மின்னிச்சுன்னா வாயில இருக்கறத போட்டுட்டு அதுக்கு ஓடிடுவா. வேலி தாண்டுறப்ப போடுறதும் தனி பிரச்சனை, அதுக்கு தோட்டத்துல சின்ன தடுப்பு வச்சு வாயில டம்மியோட தாண்ட வச்சு பழக்கினேன், ஒரு வயசு ஆகி எலும்பு முத்தின அப்புறம்தான் தடுப்ப ஒசத்தினேன்.

ஹேர் கிளம்பினா கயித்த விடுறதே கிடையாது. லைட்ல பாத்தாலே தெரியும், காது நுனி கருப்பு, வளைப்பக்கம் போகாம நடு வயலுக்கு நீட்டி ஓடும். ஆட்டுக்கும் குட்டியில இருந்தே பழக்கிடுங்க, ஆட்ட தொரத்துற நாய ஃபார்மர் சுட்டா சட்டம் பல நேரம் அவர் பக்கம்தான் நிக்கும்.

சாமான் பத்தி, ஆன்லைன்ல வாங்குன ஒரு டம்மி ரெண்டாவது வாரமே தையல் பிரிஞ்சு உள்ள இருந்த ப்ளாஸ்டிக் மணியெல்லாம் கொட்டிருச்சு, முழுங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும். இப்ப பழைய ஜீன்ஸ் கால வெட்டி நானே தைக்கிறேன், அதுதான் நல்லா இருக்கு. லைட் வாங்குறவங்க ரொம்ப தூரம் போற ஊசி மாதிரி வெளிச்சத்துக்கு ஆசப்படாதீங்க, சுத்தி கொஞ்சம் பரவுற வெளிச்சம் இருந்தாதான் நாய்க்கு முன்னாடி இருக்குற கம்பி தெரியும். லித்தியம் பேட்டரி வந்தது பெரிய வரம், முன்னாடி ஆளுங்க 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிய தோள்ல மாட்டிட்டு நடந்திருக்காங்க. ப்ரெக்லாண்ட்ல மண்ணுக்குள்ள சிக்கிமுக்கிக் கல்லு அதிகம், முன்னங்கால் மேல இருக்குற ஸ்டாப்பர் பேட் கிழிஞ்சா ஆறவே ஆறாது, தினமும் பாருங்க. முயல் கொடல பச்சையா போடாதீங்க, நாடாப்புழு வரும்.

இந்த குளிருக்கு ஃபெரட், அதாவது வளைக்குள்ள பூந்து முயல வெளிய தொரத்துற, கீரி மாதிரி இருக்குற சின்ன பிராணி, வாங்கலாம்னு இருக்கேன். 2010க்கு அப்புறம் வந்த ஆர்.ஹெச்.டி-2ங்கற, முயலுங்கள கொல்ற வைரஸால சில பண்ணையில முயல் ரொம்ப கொறஞ்சு போச்சு, அங்கெல்லாம் ராத்திரி நடந்து பிரயோஜனம் இல்ல, எந்த வளையில ஆள் இருக்குன்னு நாய் மோந்து காட்டி, ஃபெரட்ட உள்ள விட்டு வெளிய வலை போடுறதுதான் சரி. நீலி இப்பவே சில வளை வாசல்ல காத தூக்கி, ஒரு கால மடக்கி அசையாம நிக்கிறா, பெட்லிங்டன் மூக்கு வேலை செய்யுது. நைலான் வலைய விட ஹெம்ப்ங்கற செடி நார் வலை சுருக்குல நல்லா விழுதுங்கறாங்க, ஆனா நனஞ்சா காய வைக்கலன்னா மக்கிடும், அதனால ரெண்டுலயும் கொஞ்சம் பின்னி பாக்கப்போறேன். ஃபெரட் கூண்டுக்கு பலகை வெட்டி வச்சாச்சு, கூரைக்கு மழை தாங்குற ஃபெல்ட் ஷீட் மட்டும் பாக்கி. குட்டி ஃபெரட்ட வளந்த லர்ச்சர் கூட சேத்து பழக்கினவங்க யாராவது இருந்தா, மொதல்ல கூண்டுக்கு வெளியில இருந்து காட்டினீங்களா இல்ல கையில வச்சு காட்டினீங்களான்னு எழுதுங்க.