பிள்ளைக்காசும் அடிப்படை வருமானமும்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவில் வந்திறங்குபவர்களுக்கு முதல் வாரமே சொல்லப்படுவது: "சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்) எடுங்கோ, பிள்ளைக்காசுக்குப் போடுங்கோ." வேலை செய்கிறாரா என்று பாராமல், வாழத் தேவையான பணத்தை அரசு தருவதே அடிப்படை வருமானம். கனடா சிறுவர் நலக் கொடுப்பனவு என்ற அந்தப் பிள்ளைக்காசுதான் இந்த நாட்டில் அதற்கு மிக அருகில் நிற்கிற திட்டம். வேலை தேடினீர்களா, வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. குடும்ப வருமானமும் பிள்ளைகளின் வயதும் தெரிந்தால் போதும். மாதம் 20ஆம் திகதியளவில் காசு கணக்குக்கு வந்துவிடும்.

2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான ஆண்டுக்கு, 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதிகபட்சம் 7,997 டொலர். 6 முதல் 17 வயது வரை 6,748 டொலர். குடும்ப நிகர வருமானம் 37,487 டொலரைத் தாண்டினால் குறையத் தொடங்கும். 4 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், வருமானம் 50,000 என்று வையுங்கள். முழுத்தொகை 14,745. எல்லைக்கு மேலே உள்ள 12,513 டொலரில் 13.5 வீதம், அதாவது 1,689 டொலர் கழியும். மாதம் ஏறக்குறைய 1,088 டொலர் கையில் வரும். ஸ்காபரோவில் நிலக்கீழ் வீட்டு வாடகையில் பெரும் பங்கை இது தாங்கும்.

விண்ணப்பிக்க ஆர்.சி.66 படிவம் வேண்டும். புதிதாக வந்தவர்கள் அதனுடன் வதிவிட நிலை, வருமானம் பற்றிய இணைப்புப் படிவத்தையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலான தாமதம் இந்த இணைப்பில்தான் பிறக்கிறது. கனடாவுக்கு வருமுன் ஊரிலோ வளைகுடாவிலோ உழைத்ததைக் கனடிய டொலரில் மாற்றி எழுத வேண்டும். வருமானம் இல்லாத ஆண்டுக்குக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள், 0 என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பதில் போய்ச் சேரும்வரை காசு நிற்கும். தாயும் தகப்பனும் ஒரே வீட்டில் இருந்தால் தாய்தான் பராமரிப்பவர் என்பது வரித் திணைக்களத்தின் எடுகோள். ஆகவே தாயின் பெயரில் போடுவதே சிக்கலில்லாதது.

கணவனோ மனைவியோ இன்னும் இலங்கையில் ஸ்பொன்சர் (குடும்பத்தவரைக் கனடாவுக்கு அழைக்கும் விண்ணப்பம்) முடிவுக்குக் காத்திருந்தால், அவருடைய வருமானத்தையும் ஒவ்வோர் ஆண்டும் சி.ரி.பி.9 படிவத்தில் அறிவிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் பலருக்குக் காசு திடீரென்று நிற்பதற்கு இந்த ஒரு தாளே காரணம். அதேபோல, வேலை செய்யாதவரும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இருவரில் ஒருவர் செய்யாவிட்டாலும் ஜூலையில் கொடுப்பனவு நின்றுவிடும். தற்காலிக சின் இலக்கம் 9இல் தொடங்கும். நிரந்தர வதிவுரிமை கிடைத்துப் புதிய இலக்கம் வந்தால் வரித் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள்.

மாணவர் அல்லது வேலை அனுமதியில் இருப்பவர்கள் 18 மாதங்கள் தொடர்ந்து வாழ்ந்து, 19ஆவது மாதத்திலும் செல்லுபடியான அனுமதி வைத்திருக்க வேண்டும். அகதிக் கோரிக்கை விசாரணையில் இருப்பவர்களுக்கு, கோரிக்கை ஏற்கப்படும்வரை பிள்ளைக்காசு இல்லை. மிக அவசரமாகத் தேவைப்படுகிற நேரத்தில் கதவு மூடியிருப்பது பெரிய அநியாயம்.

பிள்ளைக்காசு எடுத்தால் பிறகு ஸ்பொன்சர் செய்ய முடியாது என்று ஒரு கதை உலவுகிறது. அது பிழை. தடையாக இருப்பது வெல்ஃபேர், அதாவது வருமானம் இல்லாதவர்களுக்கு மாகாண அரசு தரும் உதவிப்பணம்தான். அதிலும் உடற்குறைபாட்டுக்கான உதவி கணக்கில் இல்லை.

ஒன்ராறியோவில் அந்த வெல்ஃபேர் தனியாளுக்கு மாதம் 733 டொலர்: அன்றாடச் செலவுக்கு 343, வாடகைக்கு 390. 2018க்குப் பிறகு கூடவில்லை. இதற்காகச் சேமிப்பைக் காட்ட வேண்டும், உழைத்ததைச் சொல்ல வேண்டும், வீட்டில் யார் யார் என்பதையும் விளக்க வேண்டும். பெற்றோரை ஸ்பொன்சர் செய்து, அவர்கள் 20 ஆண்டு பொறுப்புக் காலத்துக்குள் வெல்ஃபேர் எடுத்தால், அது பிள்ளையின் தலையில் கடனாக விழும். ஒரே அரசாங்கப் பணம்தான். ஒன்று சட்டப்படி தானாக வருகிறது. மற்றதற்கு மனிதர் தம் வறுமையைத் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கைக்காசுக்கு, சட்டக் கூலிக்கும் குறைவாக வேலை வாங்குகிற முதலாளியிடம் "முடியாது" என்று சொல்லும் துணிவு முதலாவது வகைப் பணத்தில்தான் பிறக்கும். வாக்குச் சீட்டு கையில் வருமுன்னரே ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய குடியுரிமை அது.

இதைப் பிள்ளை இல்லாத பெரியவர்களுக்கும் விரிக்க ஒன்ராறியோ முயன்றது. 2017இல் ஹமில்ரன்-பிரான்ட்ஃபோர்ட் பகுதி, தண்டர் பே, லிண்ட்சே ஆகிய இடங்களில் 18 முதல் 64 வயது வரையான ஏறக்குறைய 4,000 பேருக்கு மூன்றாண்டுத் திட்டம் தொடங்கியது. தனியாளுக்கு ஆண்டுக்கு 16,989 டொலர் வரை, தம்பதிக்கு 24,027 வரை. உழைத்தால் உழைப்பில் பாதி கழியும். 10,000 டொலர் உழைக்கும் தனியாளுக்கு 11,989 கிடைத்து, மொத்தம் 21,989 ஆகும். வேலைக்குப் போனவர் எப்போதும் போகாதவரைவிடக் கூடுதலாகவே வைத்திருப்பார்.

2018 தேர்தலில் ஆட்சி மாறியது. திட்டத்தைத் தொடர்வோம் என்று தேர்தல் காலத்தில் சொன்ன கட்சியே ஜூலை 31 அன்று நிறுத்தத்தை அறிவித்தது. 2019 மார்ச்சோடு கொடுப்பனவு முடிந்தது. மூன்றாண்டை நம்பிப் படிப்பில் சேர்ந்தவர்களும், நல்ல வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதியவர்களும் நடுவழியில் விடப்பட்டார்கள். ஒழுங்கான முடிவுகள் எடுக்கப்படுமுன் ஆய்வும் குலைந்தது. மனிற்றோபாவின் டோஃபின் நகரில் 1970களில் நடந்த முயற்சிக்கும் இதே கதிதான்; பெட்டிகளில் கிடந்த தாள்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பொருளியலாளர் எவெலின் ஃபோர்ஜே ஆராய்ந்தபோதுதான், ஒப்பிட்ட மக்களைவிட அங்கே மருத்துவமனைச் சேர்க்கை 8.5 வீதம் குறைந்திருந்தது தெரிந்தது.

சோதனைத் திட்டத்தை ஓர் அமைச்சரவை முடிவே கொன்றுவிடும். பிள்ளைக்காசு வருமான வரிச் சட்டத்துக்குள் எழுதப்பட்டது. பிழையான கணக்கு வந்தால் 90 நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம், பிறகு வரி நீதிமன்றம் வரை போகலாம். பெரியவர்களுக்கான அடிப்படை வருமானமும் இப்படிச் சட்டமாக வேண்டும். அதற்கான சட்டகத்தைக் கோரிய தனிநபர் மசோதா 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றத்தில் தோற்றது.

வாக்குரிமை இல்லாதவர்களும் இதில் பேசலாம். நாடாளுமன்ற மனுவில் கையெழுத்திடக் குடியுரிமை தேவையில்லை, கனடாவில் வசித்தால் போதும். தாளில் என்றால் 25 கையெழுத்து, இணையத்தில் என்றால் 500. ஒட்டாவா நாடாளுமன்ற முகவரிக்கு உறுப்பினருக்கு எழுதும் கடிதத்துக்கு முத்திரை ஒட்டத் தேவையில்லை.