அப்பாவின் கையெழுத்து

மார்ச் 4

அப்பாவின் சிறுநீரகம் கெட்டுவிட்டது. அதைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் 7.8. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். டயாலிசிஸ் தவிர வேறு வழியில்லை. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். முதலில் இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட வேண்டும், அது தேறவே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும் என்றார். "பெரியவர்கிட்ட இப்ப எதுவும் சொல்ல வேண்டாம், பயந்துடுவார்."

தலையாட்டினேன். ஒப்புதல் படிவத்தில் நோயாளிக்கான இடம் காலி. உறவினர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார். 38 வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். மணியார்டர் யார் பெயருக்கு வந்ததோ அவர் கையெழுத்துப் போடாமல் பணத்தை எண்ண மாட்டார்.

மார்ச் 5

தூக்கமில்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைப் படித்தேன். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) பரிசோதனைக்குத்தான் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே நின்ற அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு அவசரம் இல்லை, அவர் விழித்ததும் கேட்டிருக்கலாம், அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம்.

என் அப்பா மயக்கத்தில்கூட இல்லை. பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 6

சொல்லிவிட்டேன். அப்பா பயப்படவில்லை, கோபப்பட்டார். "என் கையை அறுக்கறதுக்கு உன்கிட்டயா கேட்டாங்க?" அப்புறம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்: குணமாகுமா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஆரம்பித்தால் நிறுத்தலாமா?

மார்ச் 9

அப்பாவே தாளை நீட்டினார். டாக்டர் பதிலை என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "என்கிட்ட சொல்லுங்க சார்" என்றார் அப்பா. அதன்பிறகு பொறுமையாகவே பேசினார் டாக்டர். குணமாகாது. நிறுத்தலாம். 76 வயது, இதயமும் பலவீனம். டயாலிசிஸ் இல்லாமல் மூச்சுத்திணறலுக்கும் அரிப்புக்கும் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஆயுள் குறையும். வேறு வழி இருந்திருக்கிறது. எனக்கே அன்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 12

நான் போட்ட கையெழுத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். புதுப் படிவம் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் டயாலிசிஸுக்குச் சம்மதிக்க வேண்டும் என்றுதான் என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கால் வீக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேட்க வாய் வருகிறது. காலையில் ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"திருச்செந்தூர் போயிட்டு வந்து சொல்றேன்" என்றார். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு இரண்டு சீட்டு எடுத்திருக்கிறேன்.