வைஸ்ராய் வரிசையில் விடுபடும் பெயர்கள்: நான் படித்த முறை

வைஸ்ராய்களை மனப்பாடம் செய்பவர்கள் பெரும்பாலும் எல்ஜினிலிருந்து லாரன்ஸுக்கும், மேயோவிலிருந்து நார்த்புரூக்குக்கும் நேராகத் தாவிவிடுவார்கள். நடுவில் சில நாளோ சில மாதமோ பொறுப்பில் இருந்தவர்களை ஒரு தனித் தாளில் எழுதிப் படித்தது, குரூப் 1 தயாரிப்பில் எனக்கு நன்றாகவே கைகொடுத்தது.

பெயர்களுக்கு முன்னால் விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1861 இந்தியக் கவுன்சில்கள் சட்டப்படி, வைஸ்ராய் பதவி திடீரெனக் காலியானால் சென்னை, பம்பாய் கவர்னர்களில் முதலில் நியமிக்கப்பட்டவர் பொறுப்பேற்பார். அவர் வந்து சேரும்வரை வைஸ்ராய் கவுன்சிலின் மூத்த உறுப்பினர் பார்த்துக்கொள்வார். வைஸ்ராய் இருந்த அதே கல்கத்தாவில் இருந்தாலும் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

இனி இரண்டு மரணங்களைப் பாருங்கள். 1863 நவம்பர் 20 அன்று தர்மசாலாவில் எல்ஜின் இறந்தார். முதலில் ராபர்ட் நேப்பியர், டிசம்பரில் சென்னை கவர்னர் வில்லியம் டெனிசன். 1872 பிப்ரவரி 8 அன்று போர்ட் பிளேரில் ஷேர் அலி அஃப்ரிதி மேயோவைக் குத்திக் கொன்றார். முதலில் ஜான் ஸ்ட்ரேச்சி, அப்புறம் சென்னை கவர்னர் பிரான்சிஸ் நேப்பியர். ஆக, இரண்டு நேப்பியர்கள். ஒருவர் முதல் கட்டத்தில், மற்றவர் இரண்டாம் கட்டத்தில். நம்ம ஊர் நேப்பியர் பாலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் 1872-க்காரர். இப்படிப் பிடித்துக்கொண்டால் குழப்பமே வராது. 1934-இல் வில்லிங்டனுக்காகப் பொறுப்பு வகித்த சென்னை கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லிக்கும் வழி சுலபம்: வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறதே.

பெயரோடு நிறுத்தினால் முதன்மைத் தேர்வுக்குப் போதாது. கர்சன் 1904-இல் இங்கிலாந்து போயிருந்த மாதங்களில் சென்னை கவர்னர் ஆம்ப்ட்ஹில் பொறுப்பில் இருந்தார், வயது 35. அந்தச் செப்டம்பரில்தான் திபெத்துக்குப் படையோடு போன பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பண்ட் லாசா ஒப்பந்தத்தை முடித்தார். திபெத் தரவேண்டிய இழப்பீடு 75 லட்சம் ரூபாய், வருடத்துக்கு ஒரு லட்சமாக. அது தீரும்வரை திபெத்தின் தெற்கு எல்லையில் உள்ள சும்பி பள்ளத்தாக்கு பிரிட்டிஷார் கையில். அதாவது 75 வருடம்! லண்டன் இதை ஏற்கவில்லை. நவம்பர் 11 அன்று ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தபோது இழப்பீடு 25 லட்சமாகவும், சும்பியைக் கையில் வைத்திருக்கும் காலம் மூன்று வருடத் தவணைகள் செலுத்தப்படும் வரை என்றும் குறைக்கப்பட்டன. அந்தக் கையெழுத்து ஆம்ப்ட்ஹிலுடையது, கர்சனுடையது அல்ல. கர்சன் காலத்துத் திபெத் கொள்கை பற்றி எழுதும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்தால் விடைக்குத் தனி எடை வரும்.

வைஸ்ராய் என்ற பட்டம் 1858-க்குப் பிறகுதான். ஆனால் அதற்கு முந்தைய பொறுப்பு கவர்னர் ஜெனரல்களை விட்டுவிடாதீர்கள். பத்திரிகைச் சட்ட வரலாறே இவர்களில் இருவரிடம் இருக்கிறது. 1823-இல் ஜான் ஆடம் உரிமம் இல்லாமல் பத்திரிகை நடத்தக் கூடாது என்று விதி போட்டார். ராம்மோகன் ராய் தம் பாரசீகப் பத்திரிகையை எதிர்ப்பாக நிறுத்தினார். 1835-இல் அந்த உரிம விதியை நீக்கியவர் சார்லஸ் மெட்கால்ஃப். நிரந்தரமாக வந்தவர்களைவிட இவர்கள் துணிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வைஸ்ராய் பதவியை விடாமல் தாயகம் போக வழிசெய்தது 1924-ஆம் ஆண்டின் விடுப்புச் சட்டம். 1925-இல் ரீடிங் போனபோது வங்காள கவர்னர் லிட்டன் (அதற்குள் வங்காளத்துக்கும் கவர்னர் பதவி வந்துவிட்டது), 1929-இல் இர்வின் போனபோது சென்னை கவர்னர் கோஷன். இதற்கு மேல் இந்தப் பகுதியில் நேரம் செலவிட வேண்டாம்.

தாளின் கடைசி வரியில் ராஜாஜியை எழுதிக்கொள்ளுங்கள். 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு மவுண்ட்பேட்டன் லண்டன் சென்றபோது, மேற்கு வங்க கவர்னராக இருந்த அவர்தான் கவர்னர் ஜெனரல் பொறுப்பைக் கவனித்தார். நிரந்தரமாக அந்தப் பதவிக்கு வந்தது 1948 ஜூனில். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.